ஒற்றைக் குமிழ்

சாவு விழுந்த மையத்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் முன்வாசலைப் பார்த்துக் கதிரை போட்டு உட்கார்ந்திருக்க, மின்ஹாஜ் மட்டும் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், பின்வளவுத் தகரக் கொட்டில் தெரிகிற மாதிரி வீட்டின் பக்கவாட்டில் போட்டுக்கொண்டான். வீட்டுக்குள் வெள்ளைத்துணி மூடிக் கிடந்தது அவனுடைய கூடப்பிறந்த அண்ணன், றவூப் காக்கா. கொட்டிலுக்குள் பூட்டிக் கிடந்தது அவனுடைய வாப்பாவின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். இரண்டில் எது முதலில் வெளியே போகும் என்பதுதான் அவன் கவலை.

ஒரு மனிதன் படுகிற கவலையா இது என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். இல்லைதான். ஆனாலும் கதிரையைத் திருப்பிப் போட மனம் வரவில்லை.

காலையில் செய்தி வந்தபோது அழாமலில்லை. காத்தான்குடியிலிருந்து ஏறாவூருக்கு ஸ்கூட்டியில் வரும் வழியில், கல்லடிப் பாலத்தில் ஹெல்மெட்டுக் கண்ணாடிக்குள்ளேயே மழை பெய்து, வாவியும் தெரியவில்லை, முன்னால் போன ஆட்டோவும் தெரியவில்லை. வந்து இறங்கி, கொட்டில் கதவில் தொங்கிய புதுப் பூட்டைக் கண்டதும்தான் அழுகை பாதியில் நின்றது.

இந்தப் பக்கத்தில் வீடென்றால் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளைகள் உடுத்த உடுப்போடு பெண்டாட்டி வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். றவூப் ஏறாவூருக்கு வந்தது அப்படித்தான். மின்ஹாஜ் காத்தான்குடிக்குள்ளேயே இரண்டு தெரு தள்ளிப் போனதும் அப்படித்தான். வாப்பா விட்டுப் போனவற்றில் ஆண்களுக்கென்று மிஞ்சியது அந்த பி.எஸ்.ஏ. ஒன்றுதான். வாப்பா அதில் கைலிச் சாரங்களை மூட்டை கட்டிக்கொண்டு போய் வாவிக்கரை ஊரெல்லாம் விற்றவர். அவர் மவுத்தான பிறகு அது கஜு மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்தது. முன்விளக்குக்குள் கோழி முட்டையிட்டது. கத்தாரிலிருந்து திரும்பி வந்த றவூப், ஒரு நாள் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போகும்போது தம்பியின் காலைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான்.

"உண்ட காலுக்கு இது சரிவராது."

உண்மைதான். சின்ன வயதில் வந்த காய்ச்சல் மின்ஹாஜின் வலது பாதத்தில் இருந்த உயிரை எடுத்துக்கொண்டு போயிருந்தது. பி.எஸ்.ஏ.க்கு கியர் வலது காலில். அந்தப் பாதத்தால் கியர் மிதிப்பதென்றால், செருப்பிடம் மிதிக்கச் சொல்வது போலத்தான். அதனால்தான் மீசை வைத்த மனிதன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுகிற ஸ்கூட்டியில், அதுவும் கத்தரிப்பூ நிறத்தில், ஊரைச் சுற்றுகிறான். இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பவனும் அவன்தான். காக்கா சொன்னபோது மட்டும் சிரிப்பு வரவில்லை.

இப்போது றவூப்பும் இல்லை. பெண்வீட்டுக்குள் வந்த சாமான் பெண்வீட்டுக்கே. வீடு றவூப்பின் மகள் சப்னாவுடையது. அப்படியானால் கொட்டில் சப்னாவின் புருஷன் இஷாமுடையது. இஷாமோ பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்பவன். போன நோன்புப் பெருநாளைக்கு அந்த மோட்டார் சைக்கிளை நாலு பக்கமும் படம் பிடித்துவிட்டு, சின்ன மாமனான மின்ஹாஜிடம் வந்து சொன்னவன்.

"எங்கட மெனேஜர் பாத்தா விடமாட்டாரு சாச்சா. வாசல்ல பூச்சட்டி வெச்சு நடுவுல நிப்பாட்டுவாரு."

அன்று தொடக்கம் மின்ஹாஜின் கனவில், அரைக்காற்சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் வாப்பாவின் சீட்டில் இளநீரோடு ஏறியிருந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குமிழ் விவகாரம். மின்ஹாஜ் வைத்திருப்பது திரைச்சீலைக் கடை. கடைப் பக்கமே தலைகாட்டாத றவூப், ஒரு நாள் வந்து, கேர்ட்டன் கம்பியின் முனையில் பூட்டுகிற பித்தளைக் குமிழில் ஒன்று கேட்டான்.

"காக்கா, கம்பிக்கு ரெண்டு முனை."

"எனக்கு ஒண்டு போதும்."

"இது சோடியாத்தான் வாற. மத்தத என்ன செய்ற?"

"நீயே வெச்சிக்க."

உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, மாம்பழம் வாங்குகிறவன் மாதிரி ஒன்றைத் தெரிந்தெடுத்துக்கொண்டு போனான். ஒற்றைக் குமிழால் என்ன திரையைக் கட்டுவான் மனிதன்? எதை மறைக்க? மற்றக் குமிழ் அன்றிலிருந்து மின்ஹாஜின் மேசையில் பில்லுத் துண்டுகள் பறக்காமல் காவல் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் அவனுக்குச் சந்தேகம் ஒரு சுற்றுப் பெருக்கும்.

வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நரைத்த தலை, திருநீறு, கையில் ஒரு முழ நீளத்துக்குச் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று. வந்த மனிதர் மையத்தைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரே இஷாமிடம் போய்க் காதுக்குள் பேசினார். இஷாம் கொட்டிலைப் பார்த்தான். பிறகு மின்ஹாஜைப் பார்த்தான். பிறகு அவசரமாக மாமரத்தைப் பார்த்தான்.

மின்ஹாஜ் காலை இழுத்துக்கொண்டு எழுந்து போனான்.

"அண்ணன் எந்த ஊரு?"

"தேத்தாத்தீவு தம்பி. இளையதம்பி எண்டு சொல்லுவாங்க. இரும்பு ஒட்டுற வேலை."

"சாக்குக்குள்ள என்ன?"

இளையதம்பி சாக்கை மற்றக் கைக்கு மாற்றினார். "காக்காட சாமான். இப்ப அதக் கதைக்கிற நேரமில்லயே தம்பி."

சாவு வீட்டுக்கு இரும்பு கொண்டுவருகிறவனை மின்ஹாஜ் தன் ஆயுளில் கண்டதில்லை. பூட்டை உடைக்கிற அலவாங்கோ? ஆனால் திறப்புச் சாவிதான் இஷாமின் இடுப்பில் இருக்கிறதே. கேள்வியைக் கேட்டவனும் பதிலால் குழம்பியவனும் தானேயாகி அவன் கதிரைக்குத் திரும்பும்போது, உள்ளேயிருந்து ஆள் வந்தது. மையத்தைக் குளிப்பாட்ட வேண்டும். சொந்தத் தம்பி கைவைக்க வேண்டும்.

கொட்டிலை விட்டு எழுந்து போவதா? இஷாமைப் பார்த்தான். "நீயும் வா," என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பார்த்தவர்கள், சாச்சாவுக்கு மருமகனில் என்ன பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

கிணற்றடியில் திரை கட்டியிருந்தார்கள். பார்த்ததும் தெரிந்தது, தன் கடைத் துணிதான். சப்னாவின் கல்யாணத்துக்குத் தான் கொடுத்தது. இலந்தை இலை போட்ட தண்ணீர் வாளிகளில் இருந்தது. குளிப்பாட்ட வந்த பள்ளிவாசல் மோதினார், றவூப்பின் வலது கையைத் தூக்கி விரல்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நகத்துக்குள்ள கிறீஸ் கெட்டியா இரிக்கி. தண்ணி உள்ள போகாது. இது போகாம குளிப்புச் சரிவராது மின்ஹாஜ்."

பத்து விரலிலும் கறுப்பு. புத்தம்புதிய கறுப்பு.

இஷாமிடம் திரும்பினான். "காக்கா மோட்டார் சைக்கிளத் தொட்டு மாசக்கணக்கு எண்டுதானே செல்லின?"

இஷாம் தரையைப் பார்த்தான். திரைக்கு அப்பால், அடுப்படிக் குசினிப் பக்கத்து ஜன்னலில் இன்னொரு திரைச்சீலை. அதற்குப் பின்னால், புருஷன் போனதால் பிற ஆண் பார்வை படாமல் இத்தாவில் உட்கார்ந்துவிட்ட மதினி நிஸ்மியாவின் குரல் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. "விடியச் சுபஹு தொழுதிட்டு, கோழிக்குத் தீன் போட்டுட்டு வாறன் எண்டுதான் போனவரு. கதிரையில இருந்தபடியே... கூப்பிடக் கூப்பிடப் பேச்சில்ல..."

கோழிக்கு எப்போதிருந்து கிறீஸ் போடுகிறார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டான். காக்கா உயிரோடிருந்தால் அவனிடமே கேட்டிருப்பான், அவனும் சிரித்திருப்பான்.

"கொட்டிலுக்க சவர்க்காரத் தூளும் பிரஸ்ஸும் இரிக்கி," என்றான் இஷாம் மெல்ல. "நான் எடுத்து வாறன்."

"ஏன், நான் போனா கறையான் அரிக்குமா? திறப்பத் தா."

இஷாம் தந்தான். தருவதற்கு முன் வாயைத் திறந்து மூடினான்.

பூட்டுத் திறந்தது. தகர ஓட்டைகளால் விழுந்த வெயிலில் பி.எஸ்.ஏ. நின்றது. மின்ஹாஜ் அதைச் சுற்றி வந்தான். பெட்ரோல் தாங்கி கண்ணாடிபோல் கறுத்து மின்னியது. கோழி முட்டையிட்ட விளக்கில் அவன் முகம் தலைகீழாகத் தெரிந்தது. சில்லுக் கம்பி ஒவ்வொன்றும் புதிது. இதைச் செய்தவன் மாதக்கணக்காகத் தொடாதவனாம்!

குனிந்து வலப்பக்கம் பார்த்தான். கியர் மிதி இல்லை. இருந்த இடத்தில் ஓட்டை போட்ட ஒரு சின்ன இரும்புத் துண்டு மட்டும்.

அப்போது விளங்கியது, விளங்கியதாக நினைத்தான். ஹோட்டல் வாசலில் பூச்சட்டிக்கு நடுவில் நிற்கிற வண்டிக்கு கியர் எதற்கு? ஓடாத குதிரைக்கு லாடம் எதற்கு? காக்காவும் மருமகனும் சேர்ந்து கழற்றிவிட்டார்கள். வாப்பாவைப் பொம்மையாக்கிவிட்டார்கள்.

தூளையும் பல்துலக்குகிற பிரஸ்ஸையும் எடுத்துக்கொண்டு வந்து, மையத்தின் பக்கத்தில் முழங்காலில் இருந்து, காக்காவின் நகங்களைத் தேய்த்தான். கோபத்தோடு தேய்த்தான். கட்டைவிரல், சுட்டுவிரல். தான் நடக்கப் பழகிய காலத்தில் பிடித்துக்கொண்ட விரல்கள் என்று நினைவு வந்தது, கோபம் அதற்கு இடம் கொடுக்கவில்லை, தேய்த்தான்.

"மெல்ல," என்றார் மோதினார். "நோகும்."

மையத்துக்கு நோகும் என்று எல்லாருக்கும் தெரியும். மின்ஹாஜுக்கும் தெரியும். அதன் பிறகு மெல்லத்தான் தேய்த்தான். இடது கைச் சின்னவிரலுக்கு வரும்போது கோபம் எங்கேயோ விழுந்துபோயிருந்தது. காக்காவின் நகம் ஒவ்வொன்றாக வெளுக்க, தன் நகங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்ததை அவன் கவனிக்கவில்லை. பிரஸ்ஸை உதறிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். குழிக்குள் இறங்கக் கால் விடவில்லை. அவனுடைய இடத்தில் இஷாம் இறங்கினான். சந்தூக்குப் பெட்டியிலிருந்து காக்காவைத் தாங்கி வாங்கிய அந்தப் பொடியன், தலையைத் தன் முழங்கையில் ஏந்தி மெல்ல இறக்கியதை மேலே நின்று பார்த்தான். மையவாடி மதிலுக்கு வெளியே சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு இளையதம்பி நின்றார். மூன்று பிடி மண்ணைப் போட்டுவிட்டு, மின்ஹாஜ் நேரே அவரிடம் போனான்.

"இப்ப கதைக்கிற நேரம் வந்திட்டா அண்ணன்?"

அவர் இஷாமைப் பார்த்தார். இஷாம், "இனி என்ன. காட்டுங்க," என்றான்.

வீட்டுக்குத் திரும்பி, கொட்டிலுக்குள் மூன்று பேரும் போனார்கள். இளையதம்பி சாக்கை அவிழ்த்தார். உள்ளே, அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த ஓர் இரும்புத் தண்டு. அதன் தலையில் ஒரு பித்தளைக் குமிழ்.

மின்ஹாஜுக்கு அந்தக் குமிழைத் தெரியும். அதன் சோடி அவன் மேசையில் பில்லுக்குக் காவல் இருக்கிறது.

இளையதம்பி குந்தி, தண்டின் அடியை அந்த ஓட்டைத் துண்டில் மாட்டி, ஆணி போட்டு முறுக்கினார். தண்டு தாங்கியின் வலப்பக்கத்தில் கைக்கெட்டுகிற உயரத்தில் வந்து நின்றது.

"கைக் கியர் தம்பி. வலது காலுக்கு வேலையில்ல. கிளச் இடது கையில, பிறேக் இடது கால்ல. ஸ்டார்ட் பண்றதெண்டா, இந்தப் பக்கம் இறங்கி நிண்டு இடது காலால உதைக்கலாம். ரெண்டு தரம் ஒட்டிக் குடுத்தன். ரெண்டு தரமும் கட்டையெண்டு திருப்பி அனுப்பிட்டாரு காக்கா. 'அவன்ட கை எண்ட கையவிடக் கட்ட' எண்டு."

தகரக் கூரையில் ஒரு காகம் நடந்தது.

"டொக்டர் மாமாவ ஒரு வேலயும் செய்யப்படாதெண்டு செல்லிட்டாரு," என்றான் இஷாம். "மாமிக்குத் தெரிஞ்சா விடமாட்டா. எனக்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. ஒங்களுக்கும் செல்லப்படாதாம். முடிஞ்ச பிறகு, ஒங்கட கடை வாசல்ல கொண்டு வந்து நிப்பாட்டுறதாம்."

"அப்ப ஹோட்டல்?"

"மெனேஜர் கேட்டவருதான். மாமா அவரையும் ஏசினாரு, என்னையும் ஏசினாரு."

மின்ஹாஜ் சாரத்தை மடித்துக் கட்டினான். தாங்கியில் கைவைத்து இடது காலை ஊன்றி, நோஞ்சான் பாதத்தைக் கையால் தூக்கி அப்பால் போட்டு, வாப்பாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கிளச்சைப் பிடித்தான். வலது கையை இறக்கினான். குமிழ் தேட வேண்டியிருக்கவில்லை. கை விழுந்த இடத்தில் இருந்தது. தள்ளினான். கடக். இஷாம் பின்னாலிருந்து வண்டியைக் கொஞ்சம் அசைத்தான். மறுபடியும். கடக்.

குசினி ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொட்டிலுக்க என்ன சத்தம்?"

மூன்று ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கோழி மதினி," என்றான் மின்ஹாஜ்.

திரை அசையவில்லை. நிஸ்மியாவின் குரல் மட்டும் வந்தது.

"அந்தக் கோழிக்கு எண்ணெய் விட்டு வெக்கச் செல்லுங்க, இஷாம். துருப் புடிச்சிரும்."

இஷாமின் வாய் திறந்தபடி நின்றது. மின்ஹாஜ் குமிழைத் தள்ளி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டு இறங்கினான்.

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசல் குழாயடியில், தொழுமுன் கைகால் கழுவி உளூச் செய்யக் குனிந்தபோதுதான் தன் விரல்களைப் பார்த்தான். நகக்கண் எல்லாம் கறுப்பு. தண்ணீர் உள்ளே போகாது. சட்டைப் பைக்குள் கையை விட்டு பிரஸ்ஸை எடுத்தான். குழாயைத் திறந்தான். கட்டைவிரலிலிருந்து தொடங்கி மெல்லத் தேய்த்தான்.

பின்னால் ஆட்கள் வரிசையில் காத்து நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.