தனிப் பீங்கான்

பள்ளிவாசலில் வைத்த இலவச மருத்துவ முகாமுக்குப் போய்வந்த அன்றுதான் நான் குண்டுப் பெண் ஆனேன். அதுவரை வெறும் மஸீனா. நிறையைக் கிலோவில் எடுத்து, மீற்றர் கணக்கில் உயரத்தால் இரண்டு முறை வகுத்து, வந்த எண்ணுக்கு உடற்திணிவுச் சுட்டி என்று பெயர் சொன்னார்கள். சுவரில் வண்ணக் கட்டங்கள் போட்ட படம் தொங்கியது. நான் சிவப்பில் விழுந்தேன். என் கணவர் லாபிர் பச்சையில்.

நான் இரத்தோட்டையில் உடற்கல்வி டீச்சர். குண்டு போடுதலில் மாகாண மட்டம் வரை போனவள். இன்றைக்கும் மாணவிகளோடு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறேன். தொடையில் இருப்பது தசையா கொழுப்பா என்று அந்தப் படம் கேட்கவேயில்லை.

லாபிரின் உம்மாவான என் மாமிக்கு அது போதும். மாத்தளையில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சஹன் வைப்பார்கள். பெரிய தட்டில் சோறும் கறியும் குவித்து, வீட்டார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அந்த வெள்ளி நான் உட்காரப் போனபோது மாமி தனியாக ஒரு பீங்கான் தட்டை நீட்டினார். அவித்த மரக்கறியும் ஒரு பிடி குரக்கன் பிட்டும். என் நல்லதுக்குத்தானாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கை நனைத்த சஹன் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாபிரைப் பார்த்தேன். அவர் இறைச்சித் துண்டு தேடிக்கொண்டிருந்தார்.

அவரை எல்லாரும் தாங்கினார்கள். இனிப்பு வட்டிலப்பம் இரண்டாம் தடவையும் அவருக்கே. கைகால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே தள்ளியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. ஓயாமல் தண்ணீர் குடித்தார். செருப்புக் கடித்த காயம் வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. மௌத்தாகிப்போன அவர் வாப்பாவும் இப்படித்தான் ஒல்லி. சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், அவர் காலை வெட்டி எடுத்தார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இரத்தம் சோதிக்கக் கூப்பிட்டால், பச்சையில் இருப்பவனுக்கு எதற்கு என்று சிரித்தார். அடுப்பு மூட்டமாட்டேன் என்று நான் உட்கார்ந்த பிறகுதான் இறங்கிவந்தார். அதுவும் தெரிந்தவர் யாரும் பார்க்காமல் கண்டியில்.

டொக்டர் தங்கேஸ்வரி எங்கள் இருவரின் இடுப்பையும் நாடாவால் அளந்தார், இரத்தமும் எடுத்தார். என் சீனியும் பிரஷரும் சரி. ஆனாலும் முழங்காலைக் கவனிக்கவும் வருடா வருடம் வரவும் சொன்னார். லாபிருக்குச் சீனி எக்கச்சக்கம். முகாமில் சொன்ன அந்த எண் ஊரை மொத்தமாகப் பார்க்க உதவும், ஆனால் ஓர் ஆளைத் தீர்மானிக்க அது மட்டும் போதாது என்றார். மெலிந்தவர்களுக்கும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் சீனி வருமாம், நம் நாட்டு ஆட்களுக்கு அது அதிகமாம்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கி ஏற்றினார்கள். பஸ் கிளம்பியதும் லாபிர் ஒரு யோசனை சொன்னார். உம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாவாம்.

"உனக்குத் துணைக்கு நானும் தனியாச் சாப்பிடுறேன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் வெளங்காது."

சஹனிலிருந்து என்னை ஒதுக்கியபோது வாய் திறக்காதவர், இப்போது ஒளிந்துகொள்ள என் முதுகைக் கேட்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமி என் பீங்கானை நீட்ட, லாபிர் தனக்கும் ஒன்று கேட்டார். பெண்சாதிமேல் எவ்வளவு இரக்கம் என்று மாமி உருகிப்போனார். நான் சஹனருகே உட்கார்ந்து, என் பீங்கானை வாங்கி லாபிர் முன்னால் வைத்தேன்.

"மாமி, ஒங்கட மகனுக்குச் சீனி. மாமாட கால எடுத்த அதே சீனி. மருந்தும் சாப்பாடும் நான் பாத்துக்கிறேன். ஆனா அவர்ட வருத்தத்த மூடி வைக்க ஏன்ட ஒடம்பு போர்வ இல்ல."

மாமி குனிந்து, மகன் காலில் ஆறாமல் கிடந்த காயத்தைப் பார்த்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக நான் எழும்பவில்லை. பிஸ்மி சொல்லி, சஹனில் கை வைத்தேன்.