ஹோரஸுக்குப் பிடித்துவிட்டது

எங்கள் பர்ட்டன் ஊரில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள மூக்கு போதும். மேற்கிலிருந்து அடித்தால் பீர் வாடை, கிழக்கிலிருந்து அடித்தால் எங்கள் ஆலை வாடை. ஊரில் பாதிப் பேர் பீர் காய்ச்சுகிறார்கள். அவர்கள் காய்ச்சி முடித்து வழித்துப் போடுகிற ஈஸ்ட்டை வாங்கி, உப்புப் போட்டு, சூடு காட்டி, அது தன்னைத்தானே தின்று கரைந்ததும் வடிகட்டி, தார் மாதிரி ஆகிறவரை சுண்டவைத்துப் புட்டியில் அடைப்பது மீதிப் பேருடைய பிழைப்பு. அந்தக் கருப்புப் பசையை ரொட்டியில் தடவித் தின்பதற்கு நாட்டில் பாதிப் பேர் உயிரை விடுவார்கள். மிச்சப் பேர் அந்தப் புட்டி இருக்கும் அறைக்குள் காலே வைக்க மாட்டார்கள்.

நான் வின்னி. ஆலையில் ருசி பார்க்கும் அறை என்னுடையது. ரொட்டி வாட்டுவதும் கரண்டி கழுவுவதும் நான்தான். ஆனால் தீர்ப்புச் சொல்வது ஹோரஸ். ஒவ்வொரு தொட்டியும் இறக்கியதும் ஒரு கரண்டி அவன் முன்னால் வரும். வாயில் வைப்பான். வலது கண் மூடிக்கொள்ளும், வாய் காதுவரை கோணும், தோள் ஒரு தடவை குலுங்கும். "சரி" என்பான். தொட்டி புட்டிக்குப் போகும். முகம் அந்த மாதிரி கோணாவிட்டால் "இல்லை" என்று அர்த்தம். எங்கள் மேனேஜர் பாஸ்னெட் வெளியூர் விருந்தாளிகளை அழைத்து வந்து, ஏதோ தேவாலயத்து அற்புதத்தைக் காட்டுவதுபோல அந்த முகத்தைக் காட்டுவார். பசையின் ருசி அவனை ஆட்கொள்கிறது என்று விருந்தாளிகள் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மதுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஹோரஸ் என் பக்கம் சாய்ந்தான். "வின்னி வாத்து, நான் தொலைஞ்சேன்" என்றான். எங்கள் ஊரில் மேயரைக்கூட வாத்து என்றுதான் கூப்பிடுவோம். எல்லாம் பாசம்தான்.

"எவளையாவது கர்ப்பமாக்கிட்டியா?"

"அதா இருந்தாக்கூட ஊரு மெச்சும். இது அசிங்கம்." கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அந்தக் கருமம் எனக்குப் பிடிச்சிருச்சு."

"எந்தக் கருமம்?"

"நாம காய்ச்சுற கருமம்தான்."

எனக்குப் புரியவில்லை. "இத்தனை வருஷமா பிடிக்காமலா தின்னே?"

"பிடிக்காததாலதான் வேலையே குடுத்தாங்க! பிடிச்சவன் நாக்கு நாய் நாக்கு, வாத்து. எதைப் போட்டாலும் வாலை ஆட்டும். எனக்கு அதைப் பாத்தாலே குடல் புரளும். அதுதான் என் தராசு. சரியான தொட்டின்னா சரியா குமட்டும். தீஞ்சுதுன்னா வேற மாதிரி குமட்டும். உப்பு ஏறினா குமட்டல் பாதில நின்னுடும். என் முகம் என்ன நடிப்பா? நெஜமாவே வாந்தியை அடக்குற முகம் அது."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். ஹோரஸ் சிரிக்கவில்லை. பாவம், அவன் கண் கலங்கியிருந்தது.

"மூணு வாரமா எல்லாத் தொட்டியும் தேனா இருக்கு. உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து ஒப்பேத்திட்டு இருக்கேன். புதன்கிழமை என்ன நடக்கும்னு உனக்கே தெரியும்."

தெரியும். எங்களுக்கு ஈஸ்ட் கொடுத்துக்கொண்டிருந்த பீர் ஆலைக்குப் பதிலாக, பாஸ்னெட் வேறு ஒரு ஆலையைப் பிடித்து வைத்திருந்தார். அந்த ஈஸ்ட்டில் ஒரு தொட்டி காய்ச்சியாகிவிட்டது. பழைய ருசிதானா என்று ஹோரஸ் புதன்கிழமை சொல்ல வேண்டும். அவன் சரி என்றால் இனி வருஷம் முழுக்க அந்த ஈஸ்ட்தான்.

"தப்பா சரின்னு சொன்னா நாடே காறித் துப்பும். தெரியலைன்னு சொன்னா பாஸ்னெட் என்னைப் புட்டி கழுவ அனுப்பிடுவான். வாழ்க்கைல எனக்குன்னு இருந்தது இந்த ஒரு வெறுப்புதான் வின்னி. அதையும் எவனோ களவாடிட்டான்."

அந்தப் புதுத் தொட்டியை நானும் ருசி பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு எதுதான் நன்றாக இல்லை? ஹோரஸ் சொன்ன நாய் நாக்கு என்னுடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ஹோரஸ் ஆற்றில் மீன் பிடிக்கப் போயிருந்தான். அவன் மனைவி எனிட் அடுப்படியில் இருந்தாள். இவனுடைய சாப்பாட்டில் சமீபத்தில் என்ன மாறியது என்று கேட்கத்தான் போனேன். கேட்கவே தேவைப்படவில்லை. துணி சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு அவள் ஒரு புட்டியை எடுத்தாள். எங்கள் ஆலைப் புட்டி. மூடியின் மேல் சர்ச் கூரையைச் சரிசெய்யப் பணம் திரட்டும் கடையின் ரோஸ் கலர் விலைச்சீட்டு, என் கையெழுத்திலேயே.

அந்தச் சீட்டின் கதை இது. மாதம் ஒரு புட்டி எங்கள் ஆட்களுக்கு இலவசம். ஹோரஸ் தன் புட்டியைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலில் பிடித்து என்னிடம் தள்ளிவிடுவான். அதை வீட்டுக்குக் கொண்டுபோக அவனுக்கு மனசு வராது. எனக்கு என் புட்டியே போதும். அதனால் அதைச் சனிக்கிழமை சர்ச் கடையில் வைத்துவிட்டு நான் தேநீர் ஊற்றப் போய்விடுவேன். யார் வாங்குகிறார்கள் என்று பார்த்ததே இல்லை.

"எனிட், அந்த மனுஷன் வீட்டுல இதையா?"

"கத்தாதடி." ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போன வருஷம் அவனுக்கு நெஞ்சு வலிச்சுதே, ஞாபகம் இருக்கா? மாட்டை நிறுத்து, இல்லைன்னா மாடு உன்னை நிறுத்திடும்னு டாக்டர் சொன்னாரு. இவன் டாக்டரையே திட்டிட்டு வந்தான். பருப்புன்னு சொல்லித் தட்டை வெச்சா தட்டு பறக்கும். அதான் பருப்பு, காளான், கேரட், மேல இதுல ரெண்டு கரண்டி. ஒரு வருஷமா மாட்டுக்கறி ஸ்டூன்னு வழிச்சு வழிச்சுத் திங்கிறான்."

"கறித்துண்டு?"

"காளான்தான். கண்ணாடியப் போடாமத் திங்கிற மனுஷனுக்குக் காளானென்ன, கறியென்ன?"

அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து, மூச்சு முட்டும்வரை சிரித்தேன். அப்புறம் ஹோரஸின் நிலைமையைச் சொன்னேன்.

"அய்யோ, அவன் வேலைக்கு நானே உலை வெச்சிட்டேனா?"

"இரு. எனக்கு ஒண்ணு தோணுது."

என் யோசனை பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கரண்டியில் கொடுத்தால் அவனுக்குத் தெரியவில்லை, சரி. ஆனால் பெண்டாட்டி சமையலில் குறை இருந்தால் கண்டுபிடிக்காத ஆண்பிள்ளை எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. புதுத் தொட்டியிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவருகிறேன், செவ்வாய்க்கிழமை ஸ்டூவில் பழையதற்குப் பதில் அதைப் போடு என்றேன். எனிட் "கண்டுபிடிச்சிட்டான்னா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மறுபடி மாட்டுக்குப் போய்விடுவான் என்பது அவள் பயம். அவன் வேலைக்காகத்தான் கடைசியில் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். ஹோரஸ் முதல் கரண்டியை வாயில் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"எனிட், இது எந்த ஊரு மாடு?"

"ஏன், நம்ம கடை மாடுதான்."

"ஆரம்பம் ஒழுங்கா வருது. நடுவுல ஆளையே காணோம். கடைசில நாக்குல துருப்பிடிச்ச ஆணி மாதிரி ஒரு வாடை." இன்னொரு கரண்டி எடுத்தான். "ஆமா. இரும்பு."

எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. மேசைக்கு அடியில் எனிட்டின் காலை மிதித்தேன். அந்த நேரம் பார்த்து ஹோரஸ் என்னை நிமிர்ந்து பார்த்தான். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நான் அவன் வீட்டில் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். மெதுவாகச் சட்டைப்பையில் கையை விட்டான். செய்தித்தாள் படிக்க மட்டும் போடுகிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். கரண்டியில் ஒரு துண்டை எடுத்து விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது காளான் என்பது எனக்கே அங்கிருந்து தெரிந்தது.

எனிட் ஏப்ரனைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தாள். தட்டு பறக்கும் என்று நான் தலையைத் தாழ்த்தத் தயாரானேன்.

ஹோரஸ் அவளைப் பார்த்தான். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பையில் போட்டான்.

"கசாப்புக் கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான் எனிட். நாளைலருந்து பழைய மாட்டையே வாங்கு."

இதைச் சொல்லிவிட்டு, இரும்பு வாடையோடு இருந்த அந்த ஸ்டூ முழுவதையும் தின்று, தட்டை ரொட்டியால் வழித்தான். எனிட் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கண்ணைத் துடைக்கத்தான் போனாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பாஸ்னெட் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஹோரஸ் கரண்டியை வாயில் வைத்தான். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"இல்லை."

"ஹோரஸ், ஒரு நொடிகூட ஆகல. இன்னொரு தடவை பாரேன்."

"நடுவுல ஒண்ணுமே இல்ல, கடைசில இரும்பு. வேணும்னா நீங்களே பழசையும் புதுசையும் வெறும் ரொட்டில தடவிப் பாருங்க, மிஸ்டர் பாஸ்னெட்."

பாஸ்னெட் பார்த்தார். இரண்டாவது ரொட்டியைப் பாதியில் கீழே வைத்துவிட்டு, வேறு பீர் ஆலை தேடத் தொலைபேசியைப் பார்த்துப் போனார்.

அடுத்து பழைய ஈஸ்ட்டில் காய்ச்சிய தொட்டி வந்தது. ஹோரஸ் வாயில் வைத்து, கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்து, விழுங்கினான். அப்புறம்தான் ஞாபகம் வந்தவன்போலக் கண்ணை மூடி, வாயைக் கோணி, தோளைக் குலுக்கி "சரி" என்றான். இந்தத் தடவை மூடியது இடது கண். பச்சை நடிப்பு. என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

மாதக் கடைசியில் இலவசப் புட்டிகள் வந்தன. ஹோரஸ் தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். இந்தத் தடவை கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் வழக்கம்போல அதை இரண்டு விரலில் பிடித்து என் பக்கம் தள்ளினான்.

"சர்ச் கடைக்கா?" என்றேன்.

"வேற எதுக்கு? இந்தக் கருமத்தை வீட்டுக்கா கொண்டுபோவேன்?" கதவுவரை போய்விட்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: "சனிக்கிழமை எனிட் பத்து மணிக்குக் கடைக்கு வருவா, வாத்து. அதுவரைக்கும் வேற எவ கைக்கும் போயிடாமப் பாத்துக்கோ."