குருவி வீட்டுப் பங்காளி

ஸ்டானிஸ்லாஸின் வலது காலில் சப்பாத்து ஏறவில்லை. சவப்பெட்டிக்காரர் முதலில் கெஞ்சிப் பார்த்தார். பிறகு பவுடர் போட்டுப் பார்த்தார். கடைசியில் லாரிக்கு டயர் மாட்டுகிறவர் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலை அழுத்தினார். உயிரோடு இருந்தபோதே யார் பேச்சையும் கேட்காத கால் அது. இப்போது மட்டும் எதற்குக் கேட்கப் போகிறது?

"அண்ணி," என்று ஜாக்லினின் காதோரம் குனிந்தான் ரேமண்ட். "அந்த இ.பி.எஃப். விஷயம்..."

ஜாக்லின் கணவனின் கழுத்துப்பட்டையை நேராக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ரேமண்ட், உங்கண்ணனுக்கு இன்னும் சப்பாத்தே போட்டு முடியல."

"போட்டு முடிச்சதும் கூட்டம் வந்துரும் அண்ணி. அதான் இப்பவே கேக்குறேன். மாசக் கடைசிக்குள்ள குருவி வீட்டுக்குத் தண்ணிப் புகை அடிக்கிற மெஷினுக்கு முன்பணம் கட்டணும். அண்ணன் வாக்குக் குடுத்துட்டாரு."

"யாரு காசுக்கு?"

ரேமண்ட் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பதில் அங்கிருந்து வரும் என்று நினைத்தானோ என்னவோ. ஜாக்லின் பெட்டிக்காரரிடம் திரும்பினாள்.

"சப்பாத்த விட்டுடுங்க அங்கிள். சாக்ஸோட போகட்டும். எங்க போகப் போறாரு, வேலைக்கா?"

அந்த வீட்டில் மூன்று வருஷமாகவே போர்தான். மூலகாரணம் ஒரு குருவி. வாலிட் குருவி எச்சிலால் கூடு கட்டும். அதைச் சூப்பு வைத்துக் குடித்தால் தோல் மினுங்கும், நுரையீரல் குளிரும், தொண்ணூறு வயதுக் கிழவர் எழுந்து மாடிப்படி ஏறுவார் என்று சொல்லிச் சொல்லியே சீனர்கள் அதற்குத் தங்கத்தின் விலையை வைத்துவிட்டார்கள். ஸ்டானிஸ்லாஸ் செனாயில் ஒரு பெயின்ட் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். ஐம்பத்தைந்து வயதானதும், மற்றவர்கள் அறுபது வரை போகட்டும் என்று விட்டுவைக்கும் இ.பி.எஃப். சேமநிதியை ஒரு சென் காசு மிச்சமில்லாமல் உருவி எடுத்து, சிம்பாங் ரெங்கத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் போட்டார். கூட்டாளி, சொந்தத் தம்பி. ஜன்னல்களை அடைத்தார்கள். கூரைக்குக் கீழே சதுரமாக ஓர் ஓட்டை விட்டார்கள். குருவிக் கூட்டத்தின் கீச்சொலியை ஸ்பீக்கரில் காலையிலிருந்து ராத்திரிவரை ஓடவிட்டார்கள். அதைக் கேட்டு, போகிற குருவியெல்லாம் 'அட, நம்ம சொந்தக்காரங்க வீடு' என்று உள்ளே நுழைந்துவிடும் என்பது கணக்கு.

ஒன்றும் நுழையவில்லை. இரண்டு வௌவால் வந்தது. ஒரு பல்லி குடும்பத்தோடு குடியேறியது. பக்கத்துக் கடைச் சீனக் கிழவர் நாள்தோறும் வந்து திட்டிவிட்டுப் போனார். வாசனை போதவில்லை என்று யாரோ சொன்னார்களாம். பத்துப் பஹாட்டிலிருந்து மூட்டை மூட்டையாகக் குருவி எச்சம் வாங்கி வந்து தரையெல்லாம் தூவினார் ஸ்டானிஸ்லாஸ். குருவியே வராத வீட்டுக்குக் குருவிப் பீயைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே மனிதன் தன் புருஷன்தான் என்று ஜாக்லின் தொழிற்சாலை கேன்டீனில் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் மட்டும் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

போன மாதம் அவளுக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. வீடே திருவிழாக் கோலம் பூண்டது. அவளுடைய பிறந்தநாளுக்கு இத்தனை வருஷத்தில் கேக் வாங்கி வராத ஸ்டானிஸ்லாஸ் இரண்டு அடுக்குக் கேக்கோடு வந்தார். மேல் அடுக்கை வெட்டும்போதே விஷயத்துக்கு வந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில், தொப்பியும் முகமூடியும் போட்டு, கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை ஒட்டிச் சேர்த்த பணம். அதையும் போட்டால் குருவிகள் வரிசையில் நின்று வரும்.

"அது ஒண்ணுதாங்க மிச்சம். அதுவும் போனா நாளைக்கு நாம ரெண்டு பேரும் அந்தக் கூட்டைத்தான் திங்கணும். அதையும் இன்னும் கட்டல."

அவர் விடவில்லை. காலையில் கேட்டார், சாப்பிடும்போது கேட்டார், பூசைக்குப் போன இடத்தில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது கேட்டார். தொல்லை தாங்காமல் ஒருநாள் அவரோடு ஜோகூர் பாரு சேமநிதி அலுவலகத்துக்குப் போனாள். முகப்பில் இருந்த பெண் சின்னக் கறுப்புக் கருவியை முன்னால் தள்ளி, கட்டை விரலை வைக்கச் சொன்னாள். ஜாக்லின் கையை நீட்டினாள். நீட்டிய கையில் கட்டை விரல் தானாக உள்ளே மடங்கிக்கொண்டது. அந்தப் பெண் மறுபடி சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜாக்லின் முஷ்டியோடு எழுந்து, முஷ்டியோடு படியிறங்கி, முஷ்டியோடு காரில் ஏறினாள்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. பிறகு ஒரே ஒருமுறை, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"நீ ஒருநாளாச்சும் வந்து பாரேன். சாயங்காலம் ஆச்சுன்னா வானமே கறுத்துரும். அத்தனை குருவி."

"உள்ள வந்தா சொல்லுங்க. வரேன்."

நேற்று முன்தினம் அந்திப் பொழுதில், ஓட்டையைப் பார்த்தபடி போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், அண்ணாந்த தலையோடு அவர் இருந்ததை ரேமண்ட்தான் பார்த்தான். கூப்பிட்டிருக்கிறான். ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்கவில்லை போலும் என்று நினைத்து, இன்னொருமுறை உரக்கக் கூப்பிட்டிருக்கிறான்.

பெட்டியை வீட்டு முகப்பில், தெருவை அடைத்துப் போட்ட கூடாரத்தின் தலைமாட்டில் வைத்தார்கள். பெட்டியின் மூடியைச் சுவரோரம் நிமிர்த்திச் சாத்தினார்கள். தங்காக்கிலிருந்து ஸ்டானிஸ்லாஸின் அக்கா ஐலீன் வந்து இறங்கினார். அந்த ஊர்த் துணிக்கடைகளில் இருந்த வெள்ளைச் சேலைகளில் ஆக விலை உயர்ந்ததைக் கட்டியிருந்தார். தம்பியைப் பார்த்துப் பெரிதாக அழுதார். மூக்கைச் சிந்தினார். பிறகு ஜாக்லினைப் பார்த்தார்.

"நீ அங்க விரல மடக்கின. இங்க எந்தம்பி நெஞ்சு மடங்கிருச்சு."

முன்வரிசை நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேர்க்கடலை உரிப்பதை நிறுத்தின.

"காப்பி குடிச்சீங்களாக்கா?" என்றாள் ஜாக்லின்.

"குடிச்சேன்."

"சீனி பத்தல போலருக்கு. வாய் இப்படிக் கசக்குதே."

மகள் அபிகெயில் அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். சிங்கப்பூரிலிருந்து வந்தவள், எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று கண் சிவந்திருந்தது. அழுததால் சிவந்ததும் அதில் சேர்ந்திருக்கும்.

"மம்மி, எல்லார் முன்னாலயும் ஏன் இப்படி? டாடி ஆசைப்பட்டாரு லா. முழுசும் வேணாம், கொஞ்சமாச்சும் எடுத்து சித்தப்பாக்குக் குடுங்களேன். டாடி பேர்ல அந்த வீடு ஓடட்டும்."

"உனக்குத்தான் சிங்கப்பூர்ல சம்பளத்துல சி.பி.எஃப். பிடிக்கிறானே. அத எடுத்துக் குடேன்."

"அது எடுக்க முடியாது மம்மி. வயசாகணும். கவர்மெண்ட் விடாது."

"புத்தியுள்ள கவர்மெண்டு."

அபிகெயில் வெளியே போய்ச் சித்தப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஜாக்லின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள் மூன்று பேர். இந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி, அவளுடையது.

ஜெபமாலை சொல்ல மார்கஸ் அங்கிள் வரும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. எழுபத்தெட்டு வயது, ஐந்தடி உயரம். இரண்டாம் வரிசைக்குக் கேட்காத குரல். மைக் வாடகைக்கு எடுத்தால் வீண்செலவு என்று ரேமண்ட் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தான். சிம்பாங் ரெங்கத்துக் குருவி வீட்டிலிருந்த ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு பெரிய ஸ்பீக்கரையும் காரில் கட்டிக்கொண்டு வந்து, கூடாரத்துக் கம்பத்தில் மாட்டி, ஒரு மைக்கையும் சொருகிவிட்டிருந்தான். மைக்கைச் சொருகியவன் குருவிக் கீச்சொலி இருந்த பென் டிரைவைப் பிடுங்கவில்லை.

மார்கஸ் அங்கிள் சிலுவை அடையாளம் வரைந்தார். கண்ணை மூடினார். சுவிட்சைத் தட்டினார்.

கீச்சொலி வெடித்தது. நூறு குருவி இல்லை, லட்சம் குருவி. தெருவில் இருந்த நாய்கள் பூமிக்குள் போக இடம் தேடின. ஐலீன் அக்காவின் கையிலிருந்த ஜெபமாலை எகிறிப் போய் யாருடைய தண்ணீர் பாக்கெட்டின் மேலோ விழுந்தது. மார்கஸ் அங்கிள் மைக்கில் 'பிதா' என்று வாயசைத்தது தெரிந்தது. கேட்டதெல்லாம் கீச், கீச், கீச். எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி, "அலமாக்! நெருப்பா?" என்று கத்திக்கொண்டு வாளியோடு ஓடி வந்தாள். ரேமண்ட் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஆம்ப்ளிஃபையரை நோக்கிப் பாய்ந்தான். வயரில் கால் மாட்டி மலர்வளையத்தின் மேல் குப்புற விழுந்தான்.

அவன் எழுந்திருப்பதற்குள் அவை வந்துவிட்டன.

முதலில் கூடாரத்தின் விளிம்பில் நாலைந்து. பிறகு செனாய் கடைவீதியின் மேல் சுற்றிக்கொண்டிருந்த கூட்டமே மடை திறந்தாற்போல் இறங்கியது. துணிக்கூரையின் அடியில் கறுப்புப் புகை சுழல்வதுபோல் சுழன்றன. விளக்குக் குழாய்களை உரசின, மெழுகுவர்த்திகளை அணைத்தன. ஐலீன் அக்காவின் விலையுயர்ந்த வெள்ளைச் சேலையில் பச்சையும் வெள்ளையுமாகக் கோலம் போட்டன. மூன்று வருஷம் இறைஞ்சிக் கூப்பிட்டும் எட்டிப் பார்க்காத ஜாதி, ஸ்டானிஸ்லாஸின் தலைக்கு மேல் மொய்த்தது. வாலிட்டுக்கு நிற்கத் தெரியாது. அதன் காலுக்குச் சுவரில் தொற்றத்தான் தெரியும். ஒன்று மட்டும், சுவரோரம் நிமிர்ந்து நின்ற பெட்டி மூடியின் உட்புறத்து வெள்ளைத் துணியில் நகத்தைப் பதித்துத் தொற்றிக்கொண்டு, இறக்கையை மடக்கி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது.

ஜாக்லின் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேமண்ட் வயரைப் பிடுங்கினான். சத்தம் நின்றதும் காதில் ஓர் ஓட்டை விழுந்தாற்போல் இருந்தது. சட்டையெல்லாம் சாமந்தி இதழோடு அவன் கைகளை விரித்தான்.

"பாத்தீங்களா அண்ணி! எல்லாரும் பாத்தீங்கல்ல? அண்ணன் கூப்புட்டாரு, வந்துருச்சு! இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?"

"பிள்ளை ஆவியில பேசுறான்," என்றார் ஐலீன் அக்கா, சேலையைத் துடைப்பதை நிறுத்தாமல். பின்வரிசையில் இரண்டு பேர் பங்கு என்ன விலை என்று விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அபிகெயில் அம்மாவைப் பார்த்தாள். எல்லோரும் ஜாக்லினைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை; மார்கஸ் அங்கிளின் கையிலிருந்த மைக் அணைந்துதான் கிடந்தது, ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது.

"மூணு வருஷம் அந்த ஓட்டையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. ஒண்ணு வரல. செத்துப் படுத்ததும் இத்தனை வந்துருச்சு. அப்பன்னா, அந்த வீட்டுக்குத் தேவை எங்காசு இல்ல ரேமண்ட். ஆள் சாகணும். அடுத்தது நீ போய்ப் படு. குருவி வந்தா நான் எடுத்துத் தரேன்."

ரேமண்டின் கைகள் விரிந்தபடியே நின்றன. எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி வாளியை மெல்லக் கீழே வைத்தாள்.

"அறுபது வரைக்கும் அந்தக் காசத் தொடமாட்டேன். இவரு கேட்டப்பவே தொடல. மார்கஸ் அங்கிள், நீங்க ஆரம்பிங்க. மைக் வேணாம்."

மார்கஸ் அங்கிள் ஆரம்பித்தார். இரண்டாம் வரிசைக்குக் கேட்காத அதே குரல்தான். ஆனால் அன்று யாரும் வாயைத் திறக்காததால் எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் அடக்கம் முடிந்தது. ஐலீன் அக்கா சொல்லிக்கொள்ளாமலே தங்காக் பஸ் ஏறினார். அபிகெயில் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினாள். போகும்போது அம்மாவைக் கட்டிப்பிடித்தாள், ஒரு கையால். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகு ரேமண்ட் காரோடு வந்தான். ஜாக்லின் முகப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் சுவரோரம் இருந்தன.

"ஏத்திக்கிறேன் அண்ணி. நாளைக்கு ஒரு ஆள் குருவி வீட்டப் பாக்க வரான். சத்தம் இல்லன்னா வாங்கமாட்டான்."

"அது யாரு காசுல வாங்குனது?"

"அண்ணன் காசு. அதாவது கூட்டு..."

"அண்ணன் காசு. வெச்சிட்டுப் போ."

"இத வெச்சிக்கிட்டு நீங்க என்னா செய்யப் போறீங்க?"

அவள் தண்ணீர்க் குழாயைத் திருப்பினாள். அவனுடைய காலடியில் தண்ணீர் ஓடியது. அவன் ஒரு அடி பின்வாங்கினான், பிறகு இன்னொரு அடி, பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வெயில் சாய்ந்தது. ஜாக்லின் குழாயை மூடினாள், கையைச் சட்டையில் துடைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முகப்பின் நடுவில் கொண்டுவந்து போட்டாள். வயரைச் சொருகினாள். சத்தம் கூட்டும் குமிழைக் கீழே, கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவுக்குத் திருப்பிவிட்டு, கட்டை விரலால் பொத்தானை அழுத்தினாள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"ஜாக்லின்! மறுபடியுமா? கேட்டச் சாத்துடி. எல்லாம் வீட்டுக்குள்ள வந்துரும்!"

"ம்ம்," என்றாள்.

கேட்டின் இரண்டு பக்கத்தையும் சுவரில் போய் இடிக்கும்வரை தள்ளிவிட்டு வந்து, உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தாள்.