குருவிச் சத்தம் கேட்கிறதாம்

...குருவி, எல்லாருக்கும் குருவிதான் கேட்கிறது, இந்தக் கடையின் இணையதளத்தில் 'எங்கள் வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்' என்ற பக்கத்தில் வரிசையாகப் பல் தெரியச் சிரிக்கும் அத்தனை கிழங்களுக்கும் காதுக்கருவியை மாட்டிய மறு நொடியே ஜன்னலோரக் குருவிச் சத்தம் கேட்டுவிட்டதாம், கண் கலங்கிவிட்டார்களாம், ஒருத்தருக்காவது பக்கத்து வீட்டுக்காரன் மூக்குச் சிந்துவது கேட்கக்கூடாதா, சொந்த வயிறு கடமுடவென்று உருளுவது கேட்கக்கூடாதா... இதைப் போய் மகள் எனக்கு அனுப்புகிறாள். "அப்பா, ரிவ்யூ எல்லாம் பாருங்க, அத்தனை பேரும் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க." அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குப் பிறந்தவளுக்கே தெரியவில்லை என்றால் ஊரைச் சொல்லி என்ன பயன்? வேலை பார்த்த காலமெல்லாம் காப்பீட்டுக் கம்பெனிக்காகச் சேதம் மதிப்பிட்டவன் நான், எரிந்துபோன கடையின் வாசலில் நின்று முதலாளி அழுகிற அழுகையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நடிப்பு என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னவன், என் காதிலேயே பூச்சுற்றப் பார்க்கிறாள் ஓர் 'ஓய்வுபெற்ற ஆசிரியை'. அந்த ஆசிரியையை எனக்கு முன்பே தெரியும். மெத்தைக் கம்பெனிக்காரனின் பக்கத்தில் இதே சிரிப்போடு முதுகுவலி போய்விட்டது என்றாள், பல் கட்டுகிறவனின் பக்கத்தில் இப்போது கரும்பு கடிக்கிறேன் என்றாள். ஒரே அம்மாளுக்கு எத்தனை நோய், எத்தனை குணம்! படத்தைக்கூட மாற்றிப் போடச் சோம்பல், ஏனென்றால் படிக்கிறவன் மடையன் என்று அவர்களுக்குத் தெரியும். படிக்கிறவனும் லேசுப்பட்டவனில்லை, ஏற்கெனவே வாங்கத் தீர்மானித்துவிட்டுத்தான் படிக்கிறான்.

நானும் வந்து உட்கார்ந்துதானே இருக்கிறேன். மகளுக்காகவும் இல்லை, ஆசிரியைக்காகவும் இல்லை, பக்கத்தில் இருக்கிறாளே என் மனைவி, இவள் சொன்னாள், "போய்த்தான் பாப்போமேங்க" என்று, கிளம்பிவிட்டேன். இவள் சொல்லுக்கு மட்டும் நான் சாட்சி கேட்டதில்லை. யார் என்னைப் பற்றி என்ன பேசினாலும், சிடுமூஞ்சி என்று மைத்துனன் சொன்னாலும், எதையும் நம்பாத மனுஷன் என்று மகளே சொன்னாலும், இவள் நடுவில் புகுந்து "அவரு தங்கமானவரு, உங்களுக்கெல்லாம் தெரியாது" என்பாள், அத்தோடு சரி, எனக்கு அது போதும். கூடவே இருந்து பார்த்தவள் சொல்வதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த மாதிரி ஓர் அறை, தரையில் கால் புதைகிற விரிப்பு, வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராது, அதில் என்னை உட்கார வைத்து ஒரு பெண் கருவியை மாட்டினாள். சிரிப்புக்காரி. அவளுக்கு நான் வைத்த பெயர் அது, தும்மினால்கூடச் சிரித்துக்கொண்டேதான் தும்முவாள் போலிருக்கிறது. மாட்டியதும் கேட்டது. கேட்டதுதான் எரிச்சல். அவள் காகிதத்தைத் திருப்பியது தகரத்தைக் கசக்கின மாதிரி கேட்டது, நான் எச்சில் விழுங்கியது கிணற்றில் கல் போட்ட மாதிரி கேட்டது. குருவி கிடையாது. குருவி வருவதற்கு இந்த அறையில் ஜன்னலே கிடையாது.

"சார், ஒரே ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாமா, நம்ம சைட்ல போடுறதுக்கு?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், அறைக்குள்ளேயே ஒரு தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு மூலை, ஒரு நாற்காலி, தூசி படிந்த பிளாஸ்டிக் செடி, வட்டமாய் ஒரு விளக்கு, ஓகோ, ஆலை இங்கேதான் ஓடுகிறதா! "வீட்டுக்குக்கூட இன்னும் போகலையேம்மா, ஒரு வாரம் போட்டுப் பாத்துட்டுச் சொன்னா ஆகாதா?" "வீட்டுக்குப் போயிட்டா யாரும் பேச மாட்டாங்க சார். இப்ப எடுத்தாத்தான் முகத்துல அந்த சந்தோஷம் இருக்கும்." அட, இதைவிட உண்மையை இந்தக் கடையில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்! அந்த அம்மாக்களும் ஐயாக்களும் பாதிப் பேர் நிஜமாகவே பிறந்த மனுஷர்கள்தான், நிஜமாகவே கண் கலங்கியவர்கள்தான், ஆனால் கலங்கியது கால் மணி நேரத்துக்கு, அதைப் பிடித்து உப்புப் போட்டுக் காய வைத்து வருஷக்கணக்காக விற்கிறார்கள். சாப்பாடு வாயில் இருக்கும்போதே எப்படி என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதானே எவனும் சொல்வான், செரித்ததா என்று மறுநாள் எவன் கேட்கிறான்? நான் கையெடுத்துக் கும்பிட்டேன், ஆளை விடு தாயே, பொய்ச்சாட்சி சொல்லிப் பழக்கமில்லை. சிரிப்புக்காரியின் முகம் கொஞ்சம் தொங்கிற்று. உடனே இவள் எழுந்து, "நான் பேசுறேம்மா" என்றாள், என் பக்கம் குனிந்து, பழைய வழக்கப்படி கத்தி, "பாவங்க, சின்னப் பொண்ணு!" என்றாள். காதுக்குள் இடி விழுந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசியது அட்சரம் பிசகாமல் கேட்டது. அம்மா, முன்னாடி எப்படி இருந்தாரு, இப்ப எப்படி இருக்காரு, அவ்வளவுதான், சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க என்றாள் சிரிப்புக்காரி. இவள் தொண்டையைச் செருமினாள். "எங்க வீட்டுக்காரர் ரொம்பப் பொறுமைசாலிங்க. காது கேக்காட்டியும் ஒரு நாள் ஒரு பொழுது கோவப்பட்டது கிடையாது. இப்ப நான் மெதுவா கூப்பிட்டாக்கூட டக்குன்னு திரும்பிப் பாக்குறாரு. எங்க வீட்டுல மறுபடியும் பேச்சுச் சத்தம் வந்திருக்கு." எங்கே கூப்பிட்டாள், எப்போது திரும்பினேன், எந்த வீட்டில் வந்தது பேச்சுச் சத்தம்? வாசற்படி இறங்கவில்லை அதற்குள் வீடு நிறையப் பேச்சாம்! ஆனாலும்... சிரிப்பு வந்தது எனக்கு, கூடவே நெஞ்சில் ஏதோ இளகியது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இனித்தது. கடைக்காக ரெண்டு பொய் சேர்த்திருக்கிறாள், போகட்டும், பொறுமைசாலி என்றாளே அது நிஜம்தானே, இத்தனை வருஷம் பார்த்தவள் சொல்கிறாள், தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, நான் கேட்பேன் என்றுகூட நினைக்காமல் சொல்கிறாள். முகத்துக்கு முன்னால் புகழ்ந்தால் சந்தேகப்படலாம், இதற்கு மேல் சுத்தமான சாட்சி உண்டா என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்புக்காரி பேட்டரி எடுத்துவர உள்ளே போய்விட்டாள். இவள் கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியைத் தேடினாள், உதடு அசைந்தது. உதடு அசைவது புதிதில்லை, காது மந்தமான நாளிலிருந்து பார்க்கிறேன், அடுப்படியில், துணி மடிக்கும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயும்போதுகூட, சாமி பேர் சொல்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், வயதாகிறது, நல்லதுதானே என்று... இப்போது அதற்குச் சத்தம் இருந்தது.

"பொறுமைசாலியாம். எப்படித்தான் வந்துச்சோ என் வாய்ல." கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள். "தனக்குக் காது கேக்கலைன்னு ஒத்துக்க மனசில்லாம, எனக்குத் தொண்டைல கோளாறுன்னு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போன ஆளு. அத்தனை பேரு முன்னாடி, இவளுக்குப் பேசத் தெரியாதுன்னு..." ஊதினாள், மறுபடி துடைத்தாள், எந்தக் கோபமும் இல்லை குரலில், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். ஆமாம், அழைத்துப் போனேன், அக்கறையில்தானே? டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தானே, ஏன் சிரித்தான் என்று அன்று யோசித்தேனா? வாயைத் திறந்து பேசித் தொலையேன் என்று நான் கத்தியது எத்தனை தடவை, அதெல்லாம் கோபமா, கேட்காதவன் கத்தத்தான் செய்வான்... "தங்கமானவரு, தங்கமானவருன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு." அதுவுமா? மைத்துனனிடம் சொன்னதும், மகளிடம் சொன்னதும், சம்பந்தி வீட்டில் நிறைந்த சபையில் சொன்னதும், எல்லாமே அந்தப் பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவைதானா? பார்த்த மாத்திரத்தில் பொய்யைப் பிடிக்கிறவனாம் நான், பெரிய கொம்பன். வலித்தது. திரும்பி ஒரு வார்த்தை, 'எனக்குக் கேட்கிறது' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியே உறைந்துபோவாள், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில், "ஆனா ஒண்ணு..." என்றாள்.

கதவு திறந்தது. சிரிப்புக்காரி பேட்டரி டப்பாவோடு வந்து என் முன்னால் நின்றாள். "என்ன சார், அம்மா பேசுறதெல்லாம் தெளிவாக் கேக்குதா?" இவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை, கை தானாக வாய்க்குப் போயிருந்தது, அப்போதுதான், பாவி மகளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது, என் காதுக்குப் பின்னால் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று. கேட்டது என்று சொன்னால் இன்றோடு அந்த உதடு மூடிவிடும், வீட்டில் மிச்சமிருக்கும் காலத்துக்கும் எனக்குக் கிடைக்கப்போவது அஞ்சு ஸ்டார்தான்.

"என்னம்மா?" என்றேன், காதில் கை வைத்துக்கொண்டு. "கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

"சவுண்டு கூட்டி வைக்கவா சார்?" என்று கத்தினாள். வேண்டாம், பழகினால் சரியாகிவிடும், இப்படியே இருக்கட்டும் என்று தலையாட்டினேன். இவள் மெல்ல மூச்சை விட்டாள், அது கேட்டது. படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், உதடு அசையவில்லை, நான் அவள் பக்கம் திரும்பாமல், எதுவும் கேட்காதவனாக, ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்கினேன், அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன இருக்கிறதோ, நல்லதோ கெட்டதோ, அவள் மறந்துபோய்ச் சொல்லட்டும் என்று.