நாக்கில் நிற்கும் மணல்

நாக்கின் நடுவில் ஒரு மணல் நிற்கிறது, கடித்தால் நொறுங்குகிறது, நொறுங்கியதும் இல்லாமல் போகிறது, இனிப்பும் இல்லை, வாசனையும் இல்லை, நான் இன்னொரு கரண்டி எடுத்து வைக்கிறேன், மறுபடியும் மணல், கல்யாண மண்டபத்திலிருந்து திரும்பி வந்த டப்பா மடியில் உருகிக்கொண்டிருக்கிறது, பெண்ணின் சித்தப்பா போனில் கேட்டது காதிலேயே நிற்கிறது, என்னம்மா, தூத்துக்குடியில உப்புக்குத்தான் பஞ்சமில்லன்னு நெனைச்சேன், ஐஸ்கிரீமுக்குக் கடற்கரை மணலையுமா அள்ளிப் போடுதீங்க. புதன்கிழமைக் கல்யாணத்துக்கும் இதே பால், இதே சீனி, இதே என் கைதான், அங்கே பிள்ளைகள் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு இன்னொன்று கேட்டார்களாம், ஞாயிற்றுக்கிழமைக்குப் போவதில் மட்டும் மணல், ஏன், ஏன் ஞாயிற்றுக்கிழமை மட்டும், நான் கிழமையைக் கரைத்தா பாலில் ஊற்றுகிறேன்.

அண்ணன் தங்கேஸ்வரனுக்கு இது ஒரு கேள்வியே இல்லை, உன் கைப்பக்குவம் போயிட்டுட்டி, அவ்வளவுதான், என்கிறான், முன்கடை அவனுடையது, பின்கட்டில் மெஷின் என்னுடையது, அப்பா போன பிறகு அப்படித்தான் பிரித்துக்கொண்டோம், அவன் விற்பான், நான் செய்வேன், இப்போது அவன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான், வைகாசி முகூர்த்தம் முடியட்டும், மெஷினை வித்திருவோம், பெரிய கம்பெனிக்காரன் ஃப்ரீசர் பெட்டியும் தாரான் சரக்கும் தாரான், நாம வித்தா மட்டும் போதும், அப்ப நான் என்ன செய்ய, நீ வீட்ல நிம்மதியா இரு. நிம்மதியாம், நான் கேட்டேனா, பின்கட்டுக் கதவை ஓங்கிச் சாத்துகிறேன், அது சாத்துவதில்லை, எப்போதும் போலப் பாதியில் இடித்துக்கொண்டு நிற்கிறது, கதவுகூட.

மணல் என்றால் முதலில் என்ன மணல் என்று பார்க்க வேண்டும், சீனி கரையாமல் இருந்தால் கடிக்கும்போது இனிக்கும், பால்பவுடர் கூடிவிட்டால் மாவு போல நாக்கில் ஒட்டும், சீக்கிரம் கரையாது, இது கடித்த உடனே தண்ணீராகிறது, அப்படியென்றால் இது பனிதான், வெறும் பனித்துகள். எல்லா ஐஸ்கிரீமிலும் பனி உண்டு, நாக்குக்குத் தெரியாத அளவு பொடியாக இருக்கும், பொடியாக இருப்பதற்காகத்தான் சுற்றுகிறோம், சுற்றிக்கொண்டே உறைய வைத்தால் ஒரு துகள் பெரிதாக வளர்வதற்குள் அதைக் கிளறிவிடலாம், மெஷின் செய்வது அது ஒன்றைத்தான். அப்பா மரவாளியில் கையால் சுற்றியதும் அதற்குத்தான், மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் வாங்கி, சாக்கில் போட்டு உடைத்து, வாளியில் கொட்டி, மேலே அள்ளி அள்ளி உப்பு, நடுவில் பால் உருளை, உப்பு பட்டதும் ஐஸ் வேகமாக உருகும், உருகுவதற்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைப் பாலிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும், ஐஸ் உருக உருகப் பால் உறையும், இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மயிர் சிலிர்க்கிறது. அப்பா இதில் எதையும் விளக்கிச் சொன்னதில்லை, ஏம்ப்பா உப்பு போடுதோம் என்றால், போடாட்டி உறையாதுல்லா, பேசாம சுத்து, என்பார், சுற்றி முடிந்ததும், வெள்ளிக்கிழமையானால் உருளையின் மூடியைத் திறந்து உள்ளே சாம்பிராணிப் புகை காட்டுவார், மூடின பாத்திரத்துக்குள்ள லட்சுமி எப்படிட்டி வருவா, பிறகு மூன்று சக்கர வண்டியில் 'தங்கப்பழம் ஐஸ்கிரீம்' பலகை ஆட ஆடக் கடற்கரைக்குப் போவார், இருட்டுவதற்குள் உருளை காலி, அடியில் உப்புத் தண்ணீர் மட்டும் குலுங்கும்.

பால்காரரை மாற்றினேன், மணல், பாலை இன்னும் கொஞ்சம் சுண்டவிட்டேன், மணல், மெஷினின் கத்தியைச் சாணை பிடித்தேன், கலவையை ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் ஊறவிட்டுச் சுற்றினேன், மெஷினிலிருந்து வழியும்போது வெண்ணெய் போல வழிகிறது, நானே தின்று பார்க்கிறேன், பட்டு, வெள்ளிக்கிழமை காலையிலேயே டப்பாவில் அடைத்து முன்கடை டீப் ஃப்ரீசரில் கல்லாக இறுக வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் மணல். கண்ணை மூடினால் அப்பா வாளியைச் சுற்றுகிறார், வாளிக்குள் பால் இல்லை, முழுக்கக் கடல்மணல், அப்பா போதும்ப்பா என்கிறேன், சுத்து என்கிறார், கைப்பிடி என் கையில் இருக்கிறது, நான்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன், மண்டபத்தில் இலை போட்டுவிட்டார்கள், எல்லோரும் என்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறார்கள். விழித்தால் வாயில் நரநரவென்று இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து மேனேஜர் கூப்பிட்டார், யக்கா, ஒண்ணும் புரியல, பந்தியில பாதிப்பேரு நல்லாருக்குங்காவ, பாதிப்பேரு துப்புதாவ, நீங்க ரெண்டு கம்பெனி சரக்கா அனுப்புனீங்க, நான் எரிந்து விழ வாயெடுத்து அப்படியே நின்றேன். பாதி. ஒரே நாளில் சுற்றிய ஒரே கலவை, ஆனால் இரண்டு ஃப்ரீசரில் வைத்தது, ஒன்று நல்ல பெட்டி, மற்றது அந்த வாரம் கீல் உடைந்த பெட்டி, மெக்கானிக் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்க, மூடி நழுவாமல் இருக்க நைலான் கயிற்றால் நானே முடிச்சுப் போட்டு இறுக்கியது, டப்பாக்களில் எந்தப் பெட்டி என்று எழுதி நான் ஒட்டும் சீட்டை மேனேஜரிடம் படிக்கச் சொன்னேன், துப்பியது நல்ல பெட்டிச் சரக்கு, ருசித்தது கயிறு கட்டிய பெட்டிச் சரக்கு. உடைந்த பெட்டி எப்படி நல்ல பெட்டியைவிட நன்றாகக் குளிரும், குளிராது, அப்படியானால் வித்தியாசம் குளிரில் இல்லை, கயிற்றில், கயிறு என்ன செய்யும், திறக்க விடாது, யார் திறக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் எப்போதும் பின்கட்டில் மெஷினைக் கழுவிக்கொண்டிருப்பேன், முன்னாலிருந்து மணிச்சத்தம் வரும், புகை வாசனை வரும், நான் தேய்த்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்வேன், அவ்வளவுதான், பெட்டியைத் திறப்பது யார் என்று பார்க்க அந்த வெள்ளிக்கிழமை கழுவாமல் முன்கடைக்கு வந்து நின்றேன். அண்ணன் தூபக்காலில் கங்கு பழுக்க ஊதிக்கொண்டு வந்தான், ஃப்ரீசரின் மூடியைத் திறந்து சாய்த்தான், ஒவ்வொரு டப்பாவின் மூடியையும் எடுத்தான், கங்கோடு தூபக்காலை உள்ளே இறக்கிச் சுற்றினான், கண்ணை மூடிக்கொண்டான், செந்தூர் முருகா, எங்கப்பா பேரைக் காப்பாத்து, கண்ணோரம் நனைந்திருந்தது, புகையால் அல்ல, உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஐஸ்கிரீமின் மேற்பரப்பு வேர்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, பொடித்துகள்கள் உருகித் தண்ணீராகின்றன, மூடியதும் அந்தத் தண்ணீர் மறுபடி உறைகிறது, ஆனால் இப்போது சுற்றிவிட யாருமில்லை, அது மிச்சமிருக்கும் துகள்களின் மேலேயே போய் ஒட்டிக்கொண்டு பெரிதாகிறது, மணலாகிறது, அப்பாவின் சரக்கு அன்றைக்கே விற்றுப்போனதால் உருகியது மறுபடி உறைய நேரமே இருந்ததில்லை, இங்கே ஞாயிற்றுக்கிழமை வரை இரண்டு நாள் காத்திருக்கிறது, புதன்கிழமைச் சரக்குக்கு நடுவில் வெள்ளிக்கிழமையே வருவதில்லை. சரக்கு கெடக் கெட அண்ணன் பயந்து இன்னும் அதிக நேரம் கும்பிட்டிருக்கிறான், அவன் கும்பிடக் கும்பிட அது இன்னும் கெட்டிருக்கிறது, அவ்வளவு நாளும் என் கையைத் திட்டிக்கொண்டு.

சொன்னேன், கத்தியிருக்கக் கூடாது, கத்திவிட்டேன், அவன் முகம் கறுத்துவிட்டது, சாமி கும்பிட்டதால கெட்டுதுன்னு சொல்லுதியா, அப்பா செஞ்சதைத் தப்புங்கியா, மூடின பெட்டிக்குள்ள லட்சுமி எப்படி வருவா, நான் துகளையும் தண்ணீரையும் பற்றி விரலை மடக்கி விளக்க விளக்க அவன் தலையை ஆட்டிக்கொண்டே போனான், ஒரு சொல்லும் ஏறவில்லை. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த மதினி சண்முகக்கனிதான் நிமிராமலே சொன்னாள், ஏங்க, மூடுன பெட்டிக்குள்ள கரண்டே போவுது, லட்சுமி போவ மாட்டாளா, அவளுக்கென்ன கீலா ஒடஞ்சிருக்கு. நான் சிரித்துவிட்டேன், அண்ணன் சிரிக்கவில்லை, டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினான், பெட்டியைச் சாத்தினான், சாத்திய மூடிக்கு மேலே புகையைச் சுற்றினான், வழக்கத்தைவிட நீளமாக, என்னை ஒரு தடவைகூடப் பார்க்காமல். அந்த வாரத்துச் சரக்கு ஏற்கெனவே வேர்த்துவிட்டது, அதை அனுப்பாமல் உருகவிட்டு மெஷினில் கொட்டி மறுபடி சுற்றினேன். கம்பெனிக்காரனிடம் அண்ணன் என்ன சொன்னான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, வைகாசி முடிந்தது, பெட்டி வரவில்லை, என் கைப்பக்குவத்தைப் பற்றிச் சொன்னதை அவன் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை, அந்தக் கோபம் இன்னும் எனக்கு உருகவில்லை.

அந்த வைகாசியின் கடைசி முகூர்த்தத்து ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்திலிருந்து காலி டப்பாக்கள் திரும்பி வந்தன, ஒன்றின் மூலையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது, வழித்து நாக்கின் நடுவில் வைத்தேன், பல்லைக் கடித்துக் காத்திருந்தேன், கடிபட ஒன்றும் இல்லை, பால் மட்டும் தொண்டைக்குள் இறங்கியது. சாம்பிராணியை மூடிக்கு மேலே காட்ட வேண்டும், பெட்டியைத் திறக்கக் கூடாது.