வேலாத்தாள் மில்லின் வேஸ்ட் போர்வை

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் பங்குனி மாதத்தில், அவிநாசிபாளையத்தில் வேலாத்தாளின் போர்வைக் குடோனுக்குள் கணுக்கால் உயரத்துக்கு வெண்பனி விழுந்து கிடந்தது. வெளியே தார் ரோடு இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. மில்லில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெருக்குகிற பெண்கள் முறத்தால் அள்ளி வாசலில் கொட்டினார்கள். எதிர் டீக்கடைக்காரர் ஒரு வாளி வாங்கிப்போய் மோரில் போட்டு விற்றார். வாடகை ஒன்றும் கேட்கவில்லை என்பதால் வாளியைத் திருப்பித் தரவும் இல்லை.

வேலாத்தாள் மில்லில் ஓடியது பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட். கழுத்துக்கும் கைக்கும் வளைத்து வெட்டும்போது கீழே விழுகிற துண்டுகளை மூட்டையாக வாங்கி, நிறம் பிரித்து, மெஷினில் கொடுத்துப் பஞ்சாக உரித்து, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்தார்கள். சிவப்புத் துண்டிலிருந்து சிவப்புப் போர்வை, பச்சையிலிருந்து பச்சை. சாயம் போடுகிற வேலையே கிடையாது. வெட்டின துண்டு இங்கே தங்கிவிடும், அதே துணியில் தைத்த சட்டை கப்பலேறிவிடும். கூடப்பிறந்தவை அல்லவா, சட்டைக்கு அங்கே நேர்வது துண்டுக்கு இங்கே தெரிந்துவிடும். நார்வேயில் ஒரு குழந்தை தலைமூடி வைத்த பனியனோடு பனியில் உருண்டால் அவிநாசிபாளையத்தில் போர்வைமேல் பனி விழும். ஏற்றுமதிக்காரர்கள் சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று ஏஜெண்டுக்குப் போன் போடுவதை விட்டுவிட்டு ராமாயியிடம் வந்து நின்றார்கள். ராமாயி கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நிறம் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவியானவள். போர்வையை மோந்து பார்த்து, "இன்னும் கடல்லதாண்ணே கெடக்கு, உப்பு வாடை போகல" என்பாள். மூலனூர் முருங்கைக்காய் வியாபாரிகள் அந்தப் போர்வையால் கட்டுகளை மூடி வைத்தார்கள். கோடையிலும் காய் வாடவில்லை.

வேலாத்தாளுக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது. கல்யாண வீடுகளில் அவளை 'வேஸ்ட் மில்லுக்காரம்மா' என்றுதான் சொன்னார்கள். புது நூல் மில்லுக்காரர்களுக்கு முன்வரிசை நாற்காலி, அவளுக்குத் தூணோரம். நல்ல பண்ணையத்தை விட்டுவிட்டு மெஷின் வாங்கிப் போட்டவள். யாருக்கும் தலைகுனிந்து பழக்கமில்லாதவள். அந்த ஒரு சொல் காதில் விழுந்தால் மட்டும் சாப்பாடு இறங்காது. இதற்கிடையில் வடக்கிலிருந்து பாலியஸ்டர் போர்வைகள் லாரி லாரியாக வந்து சந்தைகளை நிரப்பின. மெஷின்கள் பாதி நின்றன. தீபாவளிக்குள் பெரிய ஆர்டர் வராவிட்டால் மில்லைப் பூட்டிவிட்டு வேலாத்தாள் தோட்டத்துக்குப் போய்விடலாம். ராமாயிக்கும் மற்ற பெண்களுக்கும் போவதற்குத் தோட்டம் எதுவும் இல்லை.

அந்தச் சித்திரை மாதம் சர்க்கார் ஒரு புது விதி கொண்டுவந்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் போர்வை வாங்கும்போது, கழிவிலிருந்து மறுபடி செய்த சரக்குக்கே முதலிடம். ஊரே வேலாத்தாளைத் திரும்பிப் பார்த்தது. தூணோரத்திலிருந்து எழுந்துவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தோம்.

அங்கேதான் திருப்பூர் புத்தி வேலையைக் காட்டியது. இந்த ஊரில் சாம்பிள் என்றால் ஒரு நூல் பிசிறு, ஒரு புள்ளி இருக்கக் கூடாது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பான், ஒரு கறைக்கு ஒரு கண்டெய்னரே திரும்பி வரும். அந்தப் பயத்திலேயே வளர்ந்த ஊர். பையரும் சர்க்காரும் வேறு வேறு என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. வேலாத்தாள் நல்ல வெள்ளைப் போர்வைகளைப் பொறுக்கி எடுத்து, பிளீச்சிங் தொட்டியில் போட்டு வேகவைத்து, இஸ்திரி போட்டு, பாலித்தீன் பையில் வைத்து ஆஸ்பத்திரி இலாகாவுக்குச் சாம்பிளாக அனுப்பினாள். அப்படி வெந்த துணி கூடப்பிறந்த சட்டையை மறந்துவிடும். ராமாயி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள்தான் இஸ்திரி போட்டாள்.

இலாகாவிலிருந்து பதில் வந்தது. இது புத்தம்புது நூல், முன்னுரிமைக்காகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள், நேரில் சோதித்த பிறகு உங்கள் பெயரையே நீக்குவோம் என்று. இத்தனை வருடம் வேஸ்ட் என்று சொல்லிச் சிரித்த ஊர், இப்போது வேஸ்ட் இல்லையாம் என்று சொல்லிச் சிரித்தது. வேலாத்தாள் சாப்பிடாமல் இருந்தாள். பிறகு, வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாகிவிட்டதால், எழுந்து குடோனை முழுக்கத் திறந்து வைத்தாள்.

சோதிக்க வந்த அதிகாரி ரத்தினசாமி கண்டிப்பானவர், வெயிலில் வந்த எரிச்சல் வேறு. ஜீப்பை விட்டு இறங்கும்போதே, "என்னம்மா, அரசாங்கத்தையே ஏமாத்தப் பாத்தீங்களா?" என்றார்.

"ஏமாத்தலீங்க சாமி. பேருக்குப் பயந்துட்டேனுங்க" என்றாள் வேலாத்தாள். வாசலில் வேடிக்கை பார்க்கப் புது நூல் மில்லுக்காரர்களும் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே குரலை உயர்த்தினாள். "என்ற மில்லுல ஓடறது வேஸ்ட்டுங்க. அடியிலிருந்து நுனி வரைக்கும் வேஸ்ட்டு. நீங்கெல்லாம் கத்திரிச்சுக் கீழ போட்டதை நாங்க கும்பிட்டு எடுத்து நெய்யறமுங்க. வந்து பாருங்க."

அதைச் சொல்லும்போது அவள் தலை நிமிர்ந்திருந்ததை அன்று அங்கே நின்ற எல்லோரும் பார்த்தோம். நெஞ்சு நிறைந்துபோனது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடலாம்.

ரத்தினசாமி உள்ளே போனார். வெளுக்காத போர்வைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் பனி பெய்துகொண்டிருந்தது. அவர் குடையை விரித்தார். ஒரு பச்சைப் போர்வையை உதறினார். எங்கோ ஒரு தேவாலய மணியும், நாய் குரைப்பதும் கேட்டன. ஒரு நீலத்தை மோந்தார், கப்பல் டீசல். கடைசியாகத் தன் மேசைக்கு வந்த வெள்ளைப் போர்வையைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் விரித்துக் காத்திருந்தார். அதில் ஒன்றும் பெய்யவில்லை.

"இதைக் கொதிக்க வெச்சீங்களா?"

ராமாயி முன்னால் வந்தாள். "ஆமாய்யா. அழகா இருக்கட்டும்னு நாங்கதான் கெடுத்துப்புட்டோம்."

அவர் வெள்ளைப் போர்வையை மடித்தார். "புது நூலுக்கு வெளியூர் விவரம் தெரிய வாய்ப்பில்லை" என்று கூட வந்த குமாஸ்தாவிடம் சொன்னார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்: இதை நோயாளிக்குப் போர்த்தினால் நடுங்க மாட்டானா?

"காச்சல் வார்டுக்குக் குடுங்க சாமி" என்றாள் வேலாத்தாள். அவர் தலையாட்டினார். வெளுக்காமல் அனுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. அந்த வாரமே மெஷின்கள் எல்லாம் ஓடின. ராமாயி ஊரிலிருந்து இன்னும் ஆட்களை வரவழைத்தாள்.

அடுத்த வருடம் எங்கள் பக்கம் முழுக்க மூட்டுக் காய்ச்சல் வந்தது. சிக்குன்குனியா என்று பேப்பரில் போட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் முடங்கிக் கிடந்தார்கள். கணியூரிலிருந்தும் மூலனூரிலிருந்தும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். புது நூல் மில்லுக்காரர்களும் அங்கே வந்து படுத்தார்கள், போர்வைக்காக. எந்தக் கட்டிலில் பனி, எதில் சாரல், எதில் வெறும் குளிர்காற்று என்று நர்சுகள் பார்த்துவைத்து, காய்ச்சலின் அளவுக்கு ஏற்ப மாற்றி மாற்றிப் போர்த்தினார்கள்.

ஐப்பசியில் வேலாத்தாளுக்கும் காய்ச்சல் வந்தது. தனியார் ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்த உறவுக்காரர்களைத் திட்டி அனுப்பிவிட்டு, பொது வார்டில் போய்ப் படுத்தாள். அங்கே ஆஷா என்ற நர்சுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வயதானவள், நல்ல சேலை கட்டியவள் என்று பார்த்து, அலமாரியிலிருந்து ஒரு பாலியஸ்டர் போர்வையை எடுத்து வந்து, கட்டிலில் மடித்துக் கிடந்த சிவப்புப் போர்வையைக் காட்டினாள்.

"அம்மா, அது வேஸ்ட்ல செஞ்சது. நீங்க வேணா இந்தப் புதுசைப் போர்த்திக்கிறீங்களா?"

"எனக்கு வேஸ்ட்டுதான் வேணும் கண்ணு" என்றாள் வேலாத்தாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. மூட்டெல்லாம் வலித்தும் சிரித்தாள்.

ஆஷா சிவப்புப் போர்வையைக் கழுத்து வரை இழுத்து விட்டாள். சற்று நேரத்தில் அதன்மேல் மெல்லிய மழை பெய்தது. நர்ஸ் கட்டிலடியில் ஒரு வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்கு ஊசி போடப் போனாள்.