கலெக்டரம்மா

முந்நூறு மணி நேரப் பயிற்சியில் மிச்சம் இரண்டரை மணி நேரம் இருந்தது. உண்ணாமலை முதல் நாளிலிருந்தே கழித்துக்கொண்டு வந்தாள். காலையில் கொட்டகைக்குள் நுழையும்போது மனசுக்குள் ஒரு கழித்தல், சாயங்காலம் கை கழுவும்போது ஒரு கழித்தல். இன்னும் இரண்டரை மணி நேரம் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டால் போதும்.

புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலை போகிற வழியில் இருந்தது அந்தப் பெண்கள் காப்பகம். பின்பக்கம் தகரக் கொட்டகை. அங்கேதான் ஏழு பெண்கள் மோட்டார் வைண்டிங் படித்தார்கள். தையல் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நம்பி வந்தவர்கள்தான் ஏழு பேரும். புவனேஸ்வரி மிஸ் முதல் நாளே அந்த நினைப்பைத் துடைத்துவிட்டாள்.

"அக்கா, தையல் மிஷின் எல்லாத் தெருவுலயும் இருக்கு. போர் மோட்டாரு எரிஞ்சா தூக்கிக்கிட்டு எங்க ஓடுறதுன்னுதான் தெரியல. நீங்க அந்தக் கடையில உக்காருங்க."

அந்த ஏழு பேரையும்விட மிஸ்தான் வயதில் சின்னவள். அவர்கள் அவளை மிஸ் என்பார்கள், அவள் அவர்களை அக்கா என்பாள். எரிந்த கம்பிச்சுருளான காயிலை வெட்டி உருவினார்கள். அது இருந்த ஸ்லாட் பள்ளத்தைச் சுரண்டிக் காகிதம் சொருகினார்கள். புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தார்கள். முதல் வாரம் முழுக்கச் சோற்றில்கூட வார்னிஷ் வாசம் அடித்தது.

பழைய காயம் ஏதாவது உண்டா என்று முதல் நாள் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. கை எலும்பு முறிவு, முன்பல் இல்லை, தோள் இறங்கியது என்று வரிசையாக வந்தது. எப்படி என்று கேட்ட இடத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது என்றே பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். ஆவூர் பிரின்சி எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், நம்ம ஜில்லாவுல பாத்ரூம் கட்டுற கொத்தனாரு அம்புட்டுப் பேரையும் புடிச்சு உள்ள வைக்கணும்" என்றாள். பல் போனவள்தான் முதலில் சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உண்ணாமலையும் சிரித்தாள். அவளுடைய படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அவளுக்கு இடது காது கேட்காது. மூன்று வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் காய்ச்சல் என்று எழுதியிருந்தது. மாமியார் சொன்னார், இவள் தலையாட்டினாள், டாக்டர் எழுதினார். அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் காய்ச்சல்தான். இங்கே வந்தபிறகு அந்தக் கேள்வியே வராமல் பார்த்துக்கொண்டாள். பெஞ்சில் இடது ஓரம்தான் அவள் இடம். அப்போது எல்லாரும் வலதுபக்கம் இருப்பார்கள். இடதுபக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் மட்டும் கதை கந்தல். மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பாதவளுக்குப் பிரின்சி ஒரு பேர் வைத்தாள்.

"அடியே, கலெக்டரம்மா! மனு குடுத்தாத்தான் திரும்புவீங்களோ?"

பேர் ஒட்டிக்கொண்டது. உண்ணாமலைக்கு உள்ளுக்குள் நிம்மதி. செவிடி என்பதைவிட கலெக்டரம்மா எவ்வளவோ மேல். செவிடிக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

வேலை கிடைத்தே ஆகவேண்டும். அண்ணன் வீட்டுக்குத் திரும்பினால் மூன்றாம் நாளே அவள் வீட்டுக்காரரை வரவழைத்து, பாய் போட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்துச் சமாதானம் பேசுவார்கள். இரண்டு தடவை பேசியாயிற்று. கீரனூரில் அடைக்கலசாமியின் வைண்டிங் கடையில் ஓர் ஆள் வேண்டும் என்று மிஸ் சொன்னாள். கடைக்கு மேலேயே ஓர் அறை, தெருமுனையில் பள்ளிக்கூடம். உண்ணாமலையின் மகள் இப்போதே அந்த அறையின் எந்தச் சுவரில் படம் ஒட்டுவது என்று தீர்மானித்திருந்தாள். அறையை அவள் பார்த்ததுகூட இல்லை.

பத்தரை மணிக்கு அடைக்கலசாமி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தது. கூடவே வண்டியில் மூன்று மோட்டார் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் வரிசையாக வைத்து, மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டார். தகரம் அதிர்ந்தது.

"இதுல ஒண்ணுல பேரிங் போயிருக்கு. எங்க கடையில எப்பவும் நாலஞ்சு மோட்டாரு ஓடும். காதுதான் மொத மெக்கானிக்கு. எதுன்னு சொல்றவங்க நாளைக்கே வரலாம். யாரு மொதல்ல?"

"உண்ணாமலை அக்கா" என்றாள் மிஸ். "காயில் கட்டுறதுல இவங்க கைதான் சுத்தம்."

உண்ணாமலை மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். கரகரப்பு அவளுக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல இரண்டு காது வேண்டும். அவளுக்கு உலகத்துச் சத்தமெல்லாம் வலதுபக்கத்திலிருந்துதான் வரும். மூன்று மோட்டாரும் சேர்ந்து ஒரே மோட்டாராக இரைந்தன. எதிரே நின்ற பிரின்சி முகத்தைத் துடைக்கிற சாக்கில் இரண்டு விரலைக் காட்டினாள். நடுவில் உள்ளது. கண்ணையும் காட்டினாள்.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். நாளைக்கே அறை.

உண்ணாமலை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். முதல் மோட்டாரின் பின்மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு நடு மோட்டார். பிறகு மூன்றாவது. திரும்ப முதலாவதற்கு வந்தாள். இருநூற்றுத் தொண்ணூற்றேழரை மணி நேரமும் அவள் இப்படித்தான் கேட்டுவந்தாள். நல்ல மோட்டார் கையில் பூனை மாதிரி இருக்கும். இது மண்ணை மென்றது.

"இதுங்க. பின்பக்கத்து பேரிங்கு."

பிரின்சி தலையில் அடித்துக்கொண்டாள். அடைக்கலசாமி சுவிட்சுகளை அணைத்தார்.

"சரிதான். தகரச் சுவத்துல பட்டுச் சத்தம் திரும்பும். காத நம்புனவங்க நடுவுல உள்ளதத்தான் காட்டுவாங்க" என்றவர் பிரின்சியைப் பார்த்தார். "ரெண்டு வெரலு காட்டுனதையும் பாத்தேன்."

"கொசுவ ஓட்டுனேங்க" என்றாள் பிரின்சி. "ஒண்ணு இல்ல, ரெண்டு கொசு."

கொட்டகையே சிரித்தது. அடைக்கலசாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உண்ணாமலைக்கு இடதுபக்கம் வந்து நின்று ஏதோ கேட்டிருக்கிறார். அவள் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரே இருந்தவர்களின் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைத்தது.

"ஏம்மா, ரெண்டு தடவ கேட்டுட்டேன். திரும்ப மாட்டேங்கிற?"

"அவ எங்க கலெக்டரம்மாங்க" என்று பிரின்சி முந்திக்கொண்டாள். "கூப்புட்ட ஒடனே திரும்புனா மரியாத கொறஞ்சிரும்."

இந்தத் தடவை அடைக்கலசாமி சிரிக்கவில்லை. "வெளையாட்டு வேற, வேல வேறம்மா. ஓடுற மோட்டாருல கைய வச்சுக்கிட்டு இருப்ப, நான் பின்னாலேருந்து எடுன்னு கத்துவேன். நீ திரும்பணும். கை நல்ல கைதான். ஆனா ஒரு குரலுக்குத் திரும்பாத ஆள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

இத்தனை நாள் காப்பாற்றிய பேர் இப்போது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மகள் தேர்ந்தெடுத்த சுவர் உண்ணாமலையின் கண்முன் வந்து போனது.

"திமிரு இல்லைங்க" என்றாள். "எனக்கு எடது காது கேக்காது."

பிரின்சி "ஐயோ, ஆத்தாடி" என்று மெல்லச் சொல்லி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பது நாள் கேலியும் அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தது.

அடைக்கலசாமி மேஜையைச் சுற்றி நடந்தார். தரையில் கிடந்த வயரைத் தாண்டி அவளுடைய வலதுபக்கம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சின்னதுல காய்ச்சல் கீய்ச்சல் வந்து போச்சாம்மா?"

பதில் நாக்கின் நுனியிலேயே இருந்தது. மூன்று வருஷமாகத் தேய்ந்து வழுவழுப்பான பதில். தலையை ஆட்டினாலே போதும். பக்கத்திலிருந்த மோட்டார்மேல் அவள் கை தானாகப் போய் உட்கார்ந்தது. அது ஓடி நின்ற சூட்டில் இருந்தது.

"இல்லைங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது. "காய்ச்சல் எல்லாம் இல்ல. என் வீட்டுக்காரரு அடிச்சாரு. அவருக்கு வலது கைப் பழக்கம். அதான் எடது காது."